ஐந்தரை மணி வண்டி

போன வாரம் தமிழ்ச்செல்வி போன் செய்தாள். திருபுவனைப் பக்கம் நான் வேலை பார்த்த மசாலாப் பொடி கம்பெனியில் இப்போது லேப் பொறுப்பு அவளிடம். என் மேசை, என் நாற்காலி, என் தும்மல் எல்லாவற்றையும் அவளிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் நான் ஓய்வு பெற்று வந்தேன்.

"மேடம், இனிமே எல்லாரும் கார்ல சேந்து வரணும்னு ஒரு திட்டம் கொண்டாந்திருக்காங்க. போன்லயே ஒரு ஆப். யாரு யாரு எந்தப் பக்கம்னு அதுவே சேத்து உட்டுடும். நீங்கதான் அப்பவே வேன்ல நாலு பேரா வந்தவங்களாச்சே, வந்து ரெண்டு வார்த்தை பேசுங்க. பெட்ரோல் மிச்சம், புகை கம்மி, அந்த மாதிரி."

"ஆள் வர லேட்டானா வண்டி எவ்ளோ நேரம் நிக்கும்?" என்று கேட்டேன்.

"ரெண்டு நிமிஷம் மேடம். அதுக்கு மேல ஆனா அந்தப் பேரை எடுத்துட்டு, கிளம்பலாம்னு ஆப்பே சொல்லிடும்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "அடிப்பாவி, உனக்குமா மறந்துபோச்சு?" என்றேன்.

அவள் மெதுவாகச் சொன்னாள். "மறக்கல மேடம். அதனாலதான் உங்களைக் கூப்புடறேன். நான் சொன்னா யாரும் காதுல வாங்க மாட்டேங்கறாங்க."

மேடையில் ஏறினால் எனக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும். அதனால் முதலில் எழுதிவிடுகிறேன். பெட்ரோல் மிச்சத்தைப் பற்றி வேறு யாராவது பேசட்டும்.

நான் ஜைனப், முல்லா வீதிக்காரி. வேதியியல் படித்துவிட்டு அந்தக் கம்பெனியில் சேர்ந்தேன். முதல் சில வருடங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. மிளகாயில் ஈரம் பார்த்தேன், மஞ்சளில் கலப்படம் பார்த்தேன், மிச்ச நேரம் தும்மினேன். அவ்வளவுதான். வேன் எங்கள் அத்தா ஜவுளி வியாபாரத்துக்காக வாங்கியது. அவருக்குக் கண்ணில் புரை விழுந்ததும் சாவி என் கைக்கு வந்தது. பொம்பளைப் பிள்ளை வேன் ஓட்டுவதா என்று தெருவில் வாய்க்கு வந்ததைப் பேசினார்கள். அப்படிப் பேசின ஒரு வீட்டு மருமகளுக்குப் பிரசவ வலி எடுத்தபோது நான்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தேன். அதோடு பேச்சு அடங்கியது.

வேனில் நாங்கள் நாலு பேர். எலெக்ட்ரீஷியன் முருகையன் முதலியார்பேட்டையிலிருந்து ஸ்கூட்டரில் வந்து எங்கள் வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு என்னோடு ஏறுவான். குருசுக்குப்பத்தில் லூர்து சார் ஏறுவார், எங்கள் உற்பத்தி மேலாளர். கடைசியாக வைத்திக்குப்பத்தில் ஃபிட்டர் தேசிங்கு. அவன் வீட்டில் எல்லோரும் கடலுக்குப் போகிறவர்கள். இவனுக்கு மட்டும் படகில் ஏறினால் குமட்டும். "நான் ஸ்பேனர் புடிச்சதே வாந்திக்குப் பயந்துதான்க்கா" என்று அவனே சொல்லிச் சிரிப்பான்.

லூர்து சாரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அவருடைய அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். எங்கள் ஊரில் அந்த மாதிரிக் குடும்பத்தைச் சொல்தா வீடு என்போம். சாருக்குச் சட்டை மடிப்பு கலையாது. ஒரு வேலை ஒழுங்காக முடிந்தால் "வுவாலா" என்பார். அவர் வாயிலிருந்து வரும் பாராட்டு அந்த ஒரு பிரெஞ்சு வார்த்தைதான். கோபம் வந்தால் அவர் குரல் உயராது, தாழும். அது தாழ்ந்துவிட்டால் நாங்கள் எல்லோரும் அவரவர் காலைப் பார்த்துக்கொண்டு நிற்போம்.

கம்பெனியில் பெரிய மிக்ஸர் ஒன்று இருந்தது. படுக்கவைத்த இரும்புத் தொட்டி. என் வேனை உள்ளே விட்டு மூடிவிடலாம், அத்தனை பெரியது. நடுவில் ஒரு தண்டு, அதைச் சுற்றி முறுக்கிய பட்டை இரும்பு. அது சுற்றும்போது மாடியில் இருக்கும் என் லேப்பில் அலமாரி அதிரும். சாம்பிள் பாட்டில்கள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுவென்று சத்தம் போடும். மிளகாய் ஓடிய மிக்ஸரில் அடுத்துத் தனியா, அதாவது கொத்தமல்லி விதை, ஓட வேண்டுமென்றால் ஆள் உள்ளே இறங்கிக் கழுவித் துடைக்க வேண்டும். ஃபிட்டர் இறங்கி போல்ட் எல்லாவற்றையும் முடுக்க வேண்டும். நான் இறங்கிப் பஞ்சால் ஒரு மூலை விடாமல் துடைத்தெடுத்துக்கொண்டு போய் லேப்பில் சோதித்து, சரி என்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் ஓடும்.

ஆள் உள்ளே இருக்கும்போது யாராவது சுவிட்சைப் போட்டால் என்ன ஆகும் என்று நான் எழுதப்போவதில்லை.

அதற்காகத்தான் லூர்து சார் பூட்டு வைத்தார். மெயின் சுவிட்சைக் கீழே இறக்கி, அதன் கைப்பிடியில் ஓட்டைகள் உள்ள ஒரு இரும்புக் கவ்வியை மாட்டுவார்கள். உள்ளே இறங்குகிற ஒவ்வொருத்தரும் அவரவர் பூட்டை அதில் ஓர் ஓட்டையில் தொங்கவிட்டுப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். ஒரே ஒரு பூட்டு தொங்கினாலும் சுவிட்ச் மேலே ஏறாது. வெளியே வந்ததும் அவரவர் பூட்டை அவரவர் கையால்தான் கழற்ற வேண்டும். தேசிங்கின் பூட்டில் நீல பெயின்ட், முருகையன் பூட்டில் பச்சை, எனக்கு வெள்ளை.

ஆரம்பத்தில் ஒரு நாள் நான் பூட்டைப் போட்டுவிட்டுச் சாவியை லேப் மேசையில் வைத்துவிட்டு வந்தேன். மிக்ஸர் வாயில் லூர்து சார் நின்றுகொண்டிருந்தார்.

"சாவி எங்கம்மா?"

"மேல இருக்குது சார். பூட்டுதான் போட்டாச்சே."

அவர் குரல் தாழ்ந்தது. "உங்க உயிரை மேசை மேல வெச்சிட்டு வந்திருக்கீங்க. போய் எடுத்துட்டு வாங்க."

மொத்த லைனும் நின்றது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க நான் மாடி ஏறி இறங்கினேன். மானம் போயிற்று என்று அன்றைக்கு அவரைத் திட்டாத திட்டு இல்லை. சாவியைக் காட்டினதும் "வுவாலா, இப்ப இறங்குங்க" என்றார்.

இப்படிப்பட்ட மனிதர்தான். ஆனால் அவருக்கு இன்னொரு சட்டமும் இருந்தது. வண்டி ஐந்தரைக்குக் கிளம்ப வேண்டும். அவர் மனைவி பக்கவாதத்தில் படுத்த படுக்கை. பகலில் பார்த்துக்கொள்ளும் பெண் வில்லியனூர் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், ஆறரைக்கு மேல் ஒரு நிமிடம் நிற்க மாட்டாள். ஒரு தடவை வண்டி தாமதமாகி, அந்த அம்மா தனியாகக் கட்டிலிலிருந்து சரிந்து தரையில் கிடந்திருக்கிறார். அதற்குப் பிறகு ஐந்தரை என்றால் ஐந்தரை. அவர் வாய்விட்டுக் கேட்கவே மாட்டார். கையைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்ப்பார், அவ்வளவுதான். அது எங்களுக்குப் போதும்.

அந்தப் பார்வைக்குப் பயந்துதான் பழக்கம் ஒன்று உண்டாயிற்று. சாயந்திரம் ஆளாளுக்கு சுவிட்ச் அறைக்குப் போய்ப் பூட்டைக் கழற்றிக் கையைக் கழுவிக்கொண்டு வந்தால் நேரமாகிறதென்று, ஐந்து மணி டீ நேரத்திலேயே முருகையன் எல்லோர் சாவியையும் வாங்கிக்கொள்வான். "குடுங்கப்பா, நானே மொத்தமா கழட்டிக்கறேன், வண்டிக்கு நேரமாவுது" என்பான். பூட்டுகளைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டு வந்து வேனில் திருப்பித் தருவான். நான் கொடுத்ததில்லை. என்னைப் பெரிய ஒழுங்குக்காரி என்று நினைத்துவிடாதீர்கள், என் சாவிக்கொத்தில் வீட்டுச் சாவியும் கிடந்தது. லூர்து சாருக்கு இது தெரியும். வேனில் பூட்டு கை மாறுவதைக் கண்ணால் பார்ப்பார். பார்த்துவிட்டு ரோட்டைப் பார்ப்பார்.

இன்னொரு பழக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. கேட்டில் ஒப்படைத்தால் திரும்ப வாங்க வரிசையில் நிற்க வேண்டும் என்று, நாலு பேரும் வேனில் டேஷ்போர்டுப் பெட்டியிலேயே போனைப் போட்டுவிட்டுப் போவோம். யாராவது ஓவர்டைம் பார்க்க நின்றுவிட்டால், வண்டிக்கு வந்து போனை எடுத்துக்கொண்டு போவார்கள். ஐந்தரைக்கு ஆள் வரவில்லை என்றால் ஓ.டி. என்று அர்த்தம். யாரும் மேற்கொண்டு கேட்க மாட்டோம்.

அன்றைக்கு லூர்து சார் மனைவிக்குக் காய்ச்சல். மதியத்திலிருந்தே சார் ஒரு நிலையில் இல்லை. மிக்ஸரில் மிளகாய் முடிந்து தனியாவுக்குக் கழுவுகிற வேலை. நான் இறங்கிப் பஞ்சு எடுத்துக்கொண்டு, என் பூட்டைக் கழற்றிக்கொண்டு லேப்புக்குப் போனேன். புதிதாகச் சேர்ந்திருந்த தமிழ்ச்செல்வியிடம் பஞ்சைக் கொடுத்து, சோதித்து முடிவைக் கீழே சொல்லிவிடு என்றேன். அவளுக்கு இரண்டாவது ஷிப்ட்.

ஐந்தரைக்கு நானும் லூர்து சாரும் முருகையனும் வேனில் இருந்தோம். தேசிங்கு வரவில்லை.

"போய் ஒரு எட்டு பாத்துட்டு வாடா" என்றேன் முருகையனிடம்.

"கன்வேயர் பெல்ட் கிழிஞ்சி கெடக்குதுக்கா. சூப்பர்வைசர் கோழி அமுக்கறாப்புல அமுக்கி வெச்சிருப்பாரு. ஓ.டி.தான், வேற என்ன?"

லூர்து சார் கையைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்தார். நான் வண்டியை எடுத்தேன்.

கண்டமங்கலம் ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டோம். அப்போது அங்கே பாலம் கிடையாது. கேட் போட்டுவிட்டால் ரெண்டு பக்கமும் வண்டி தேங்கி நிற்கும். எனக்கு முன்னால் கரும்பு ஏற்றிய டிராக்டர், பின்னால் விழுப்புரத்திலிருந்து வரும் தனியார் பஸ், வலது பக்கம் குறுக்கே புகுந்த இன்னொரு டிராக்டர், இடது பக்கம் பள்ளம். கரும்புத் தோகை என் கண்ணாடியில் உரசிக்கொண்டிருந்தது. லூர்து சார் மடியில் டிபன் பையை வைத்துக்கொண்டு கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது டேஷ்போர்டுப் பெட்டிக்குள் போன் அடித்தது.

நாங்கள் மூன்று பேரும் எங்கள் போன்களை எடுத்துவிட்டிருந்தோம். பெட்டியைத் திறந்தேன். தேசிங்கு போன். அவன் மனைவி கலா கூப்பிடுகிறாள்.

"அக்காவா? அவரு பக்கத்துல இருக்காரா? வரும்போது புள்ளைக்கு மருந்து வாங்கியாரச் சொல்லணும்."

"அவன் இன்னிக்கு ஓ.டி. கலா."

"போன் உங்க கிட்ட இல்ல இருக்குது? ஓ.டி.ன்னா வண்டிக்கு வந்து போனை எடுத்து எனக்குச் சொல்லிட்டுத்தானக்கா போவாரு? ஒரு நாளும் சொல்லாம நின்னது இல்லியே."

உண்மைதான். அவன் போன் என் கையில் இருந்தது. அவன் வண்டிக்கே வரவில்லை.

"இரும்மா, கேட்டுச் சொல்றேன்" என்று வைத்துவிட்டுத் திரும்பினேன். முருகையன் பைக்குள் கையை விட்டபடி உட்கார்ந்திருந்தான். கையை வெளியே எடுத்தான். நீல பெயின்ட் அடித்த பூட்டு.

"அக்கா, அவன் பூட்டு எங்கிட்டதான் இருக்குது" என்றான்.

"அவன் வெளியே வந்ததை நீ பாத்தியா?"

"டீக்கு வந்தான்க்கா. முடிஞ்சிடுச்சின்னு சொல்லித்தான் சாவி குடுத்தான். நானும் போய்க் கழட்டிட்டேன். அப்பறம்..." கையிலிருந்த பூட்டைப் பார்த்தான். "நான் திரும்பி வரும்போது டூல்ஸை எண்ணிக்கினு இருந்தான். ஒரு ஸ்பேனர் கொறையுதுன்னான்."

யா அல்லா. தின்கிற பொருளில் இரும்பு விழுந்துவிட்டால் ஃபிட்டர் கதை முடிந்தது. தேசிங்கு அந்த ஸ்பேனரைத் தேடாமல் விடுகிற ஆளே இல்லை. ஒரு நிமிட வேலைதானே என்று மறுபடி உள்ளே இறங்கியிருப்பான். பூட்டு இல்லாமல். அந்தத் தொட்டியின் கோடியில், பொடி இறங்கும் வாய்ப்பக்கம், தண்டுக்கு அடியில் ஒரு சந்து இருக்கிறது. குப்புறப் படுத்துக் கையை விட்டால்தான் எட்டும். மேலிருந்து எட்டிப் பார்க்கிறவனுக்கு ஆள் இருப்பதே தெரியாது.

"தனியா எப்ப போடறாங்க?" லூர்து சார் கேட்டார். அவர் குரல் அந்த அளவுக்குத் தாழ்ந்து நான் கேட்டதில்லை.

"லேப்ல சரின்னு சொன்னதும் போட்டுடுவாங்க சார்" என்றேன்.

முருகையன் கதவைத் திறந்துகொண்டு குதித்துவிட்டான். பஸ்ஸுக்கும் டிராக்டருக்கும் இடையில் புகுந்து, பின்பக்கமாக வந்த வழியே ஓடினான். கேட் திறக்காது என்று சலித்துப்போய்த் திரும்பிய ஒரு பைக்காரரின் முன்னால் போய்க் கையை விரித்துக்கொண்டு நின்றதைக் கண்ணாடியில் பார்த்தேன். அந்த ஆள் யாரோ, எவரோ, இன்றைக்கு வரை தெரியாது. இவன் முகத்தைப் பார்த்தே ஏறு என்றிருப்பார்.

லூர்து சார் கம்பெனி கேட் நம்பரைப் போட்டார். எங்கேஜ். மறுபடி போட்டார். மறுபடியும் எங்கேஜ். கலாதான் அங்கே கூப்பிட்டிருக்கிறாள். செக்யூரிட்டி அவளை லைனில் நிறுத்திவிட்டு ஷிப்ட் ஆட்களின் பையைச் சோதித்துக்கொண்டிருந்திருக்கிறான். இது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. அப்போது லூர்து சார் அவசரத்தில் நம்பரைத் தப்பாக அமுக்கினார்.

லேப்புக்குத் தனி லைன் உண்டு. எனக்கு அந்த நம்பர் தூக்கத்தில் கேட்டாலும் வரும். அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது. எடு, எடு, எடுடி.

"ஹலோ, லேப்."

"தமிழு, தனியாவுக்குச் சரின்னு சொல்லிட்டியா?"

"இப்பதான் மேடம் இன்டர்காம்ல சொன்னேன். எல்லாம் சுத்தமா..."

"மிக்ஸருக்குள்ள தேசிங்கு இருக்கான்! ஓடு! போனை வைக்காத, அப்படியே போட்டுட்டு ஓடு! சுவிட்ச் முன்னால போய் நில்லு, எவன் வந்தாலும் தொட உடாத!"

போன் மேசை மேல் டொக்கென்று விழுந்தது. செருப்புச் சத்தம் கேட்டது, பிறகு அதுவும் இல்லை.

ஸ்பீக்கரைப் போட்டு டேஷ்போர்டின் மேல் வைத்தேன். லேப்பில் மின்விசிறி சுற்றும் சத்தம் வந்தது. நானும் லூர்து சாரும் அந்தப் போனையே பார்த்தோம். ரெண்டு பேருக்கும் ஒரே நினைப்பு, ஆனால் சொல்லிக்கொள்ளவில்லை. மிக்ஸர் ஓடினால் பாட்டில்கள் கிணுகிணுக்கும். அந்தச் சத்தம் வரக் கூடாது. அது வராமல் இருக்கிற ஒவ்வொரு நொடியும் தேசிங்கு உயிரோடு இருக்கிறான்.

எனக்குத் தெரிந்த துஆ எல்லாம் வாய்க்குள் ஓடியது. பாதியில் வார்த்தை மறந்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். லூர்து சார் நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டார். படிக்கட்டு எத்தனை, அந்தப் பெண் எவ்வளவு வேகமாக இறங்குவாள், கீழே போய் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று அவளுக்குத் தெரியுமா? வந்து சேர்ந்து மாதம்கூட ஆகவில்லை. வேறு யாரையாவது கூப்பிட்டிருக்க வேண்டுமோ?

அந்த நேரம் பார்த்து ரயில் வந்தது.

தடதடவென்று பெட்டி பெட்டியாகப் போகிறது. போனில் என்ன கேட்கிறது என்று ஒன்றும் தெரியவில்லை. போனை எடுத்துக் காதோடு அழுத்தினேன். ரயில் சத்தம்தான். "நிறுத்துங்கடா!" என்று அந்த ரயிலைப் பார்த்துக் கத்தினேன். டிராக்டர்காரன் திரும்பி என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தான். பார்க்கட்டும்.

ரயில் கடந்து போனது. போனில் மின்விசிறிச் சத்தம் மறுபடி கேட்டது. அதோடு, கிணுங் என்று ஒரு பாட்டில் சத்தம்.

லூர்து சார் கண்ணை மூடிக்கொண்டார்.

இன்னொரு பாட்டில் சத்தம் வரவில்லை. அதற்குப் பதிலாக யாரோ இரைக்க இரைக்க மூச்சு வாங்குவது கேட்டது. தமிழ்ச்செல்வி ஓடி வந்த வேகத்தில் அலமாரியில் இடித்துக்கொண்டிருக்கிறாள்.

"மேடம்... மேடம்... சுவிட்ச் போடல மேடம். ஆப்பரேட்டர் கை வைக்கப் போனாரு, நான் போய்க் கையைப் புடிச்சிட்டேன்... தேசிங்கு அண்ணன் உள்ளதான் இருந்தாரு மேடம். வந்துட்டாரு. இதோ..."

கரகரவென்று ஒரு குரல். உள்ளே இருந்த மிளகாய் நெடியில் தொண்டை கட்டியிருந்தது. "அக்கா, ஸ்பேனர் கெடைச்சிடுச்சி. என்ன, என்னை உட்டுட்டுக் கௌம்பிட்டீங்களா?"

"படுபாவி" என்றேன். ஸ்டீயரிங்கின் மேல் தலையை வைத்துக்கொண்டு அழுதேன். கேட் திறந்து, பின்னாலிருந்த பஸ் ஹாரன் அடித்துக் காதைக் கிழித்தது.

"வண்டியைத் திருப்புங்கம்மா" என்றார் லூர்து சார்.

"சார், வீட்ல அவங்க தனியா... ஆறரைக்கு..."

"திருப்புங்க." பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டு, போய்ப் பார்த்துக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டார். இத்தனை வருடத்தில் அவர் யாரிடமும் அப்படி உதவி கேட்டு நான் பார்த்ததில்லை. கேட்கத் தெரியாமல் கேட்டார்.

நாங்கள் போனபோது தேசிங்கு கேட்டருகே கையில் டீயோடு நின்றிருந்தான். தலை, புருவம் எல்லாம் வியர்வை வழிந்தது. அவன் காலடியில் முருகையன் தரையில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தான். "எழுந்திருடா, எனக்கு ஒண்ணும் ஆவலியே" என்று இவன் அவனைத் தேற்றுகிறான். லூர்து சார் இறங்கிப் போனார். முருகையன் வேனிலேயே போட்டுவிட்டுக் குதித்த நீலப் பூட்டை எடுத்து வந்திருந்தார். தேசிங்கின் கையில் வைத்து அவன் விரல்களை மூடினார். "வுவாலா" சொல்லவில்லை.

திரும்பும் வழியில் கலா மறுபடி கூப்பிட்டாள். தேசிங்கே எடுத்தான். "ஒண்ணுமில்ல கலா, ஓ.டி. போனை எடுக்க மறந்துட்டேன்" என்றான். அவள் பட்டென்று வைத்துவிட்டாள்.

மறுநாள் காலையில் குருசுக்குப்பத்தில் லூர்து சாரை ஏற்றிக்கொண்டு வைத்திக்குப்பம் முனைக்குப் போனோம். தேசிங்கோடு கலாவும் நின்றிருந்தாள். மீன் வாங்க வந்தவர்கள் கூட்டம், அதற்கு நடுவில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள். செக்யூரிட்டி அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டிருக்கிறான். நான் கண்ணாடியை இறக்கினேன்.

"அக்கா, காலைல நாலு பேரா போறீங்க. சாயந்திரம் மூணு பேரா வந்தீங்கன்னா, ஏன்னு ஒருத்தராவது கேக்க மாட்டீங்களா? ஆடு மாடு ஓட்டினு போறவன்கூட எண்ணிப் பாத்துதானக்கா ஓட்டுவான்?"

முருகையன் பின்னால் தலையைக் குனிந்துகொண்டான். முன் கதவு திறந்தது. லூர்து சார் இறங்கி, அந்தக் கூட்டத்தின் நடுவில், அவள் முன்னால் போய் நின்றார்.

"இவங்க யாரும் காரணமில்லம்மா. ஐந்தரைக்கு வண்டின்னு சொன்னவன் நான். பூட்டு கை மாறினதைப் பார்த்துட்டு வாயை மூடிக்கிட்டு இருந்தவனும் நான்தான். எனக்கு வீட்டுக்குப் போகணும், அவ்ளோதான் எனக்குத் தெரிஞ்சது."

"ஏன் சார்? வீட்ல அப்பிடி என்ன?" என்று சீறினாள். சட்டென்று நிறுத்திக்கொண்டாள். ரெண்டு குப்பமும் பக்கத்தில் பக்கத்தில்தான். சொல்தா வீட்டில் ஒரு அம்மா படுக்கையில் கிடப்பது அவளுக்கும் தெரியும்.

லூர்து சார் தலைமையகத்துக்கு எழுதினார், முருகையன் மேல் நடவடிக்கை வேண்டாம், பொறுப்பு என்னுடையது என்று. அவரைக் குடோனுக்கு மாற்றினார்கள். ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தார். முருகையனுக்கு வேலை போகவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அடுத்தவர் சாவியை அவன் கையால் தொட்டதில்லை. விளையாட்டுக்கு நீட்டினாலும் ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வான்.

வேன் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஒரே ஒரு சட்டம் மாறியது. ஆள் வராவிட்டால் ஒருத்தர் இறங்கிப் போய்க் கண்ணால் பார்த்துவிட்டு வர வேண்டும். சில நாள் ஆறு மணி ஆகும், சில நாள் அதற்கும் மேல். லூர்து சார் முன்சீட்டில் உட்கார்ந்திருப்பார். கைக்கடிகாரத்தை அவர் கட்டுவதே இல்லை.

லேட்டானாலும் அவரால் அப்படி உட்கார்ந்திருக்க முடிந்தது கலாவால்தான். அந்தச் சண்டைக்கு ரெண்டு நாள் கழித்து, யாரும் கேட்காமல், அவளே குருசுக்குப்பத்தில் லூர்து சார் வீட்டுப் படியேறியிருக்கிறாள். "ஆறரைக்கு நீ கௌம்பு, நான் இருந்து பாத்துக்கறேன்" என்று அந்த வேலைக்காரப் பெண்ணிடம் சொல்லிவிட்டு, அந்த அம்மாவின் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். பிள்ளையும் கூடவே வந்து அங்கேயே வீட்டுப்பாடம் எழுதுவான். லூர்து சார் முதல் நாள் அவளைத் தன் வீட்டில் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டார். "நீங்க எப்ப வேணா வாங்க சார். நாலு பேரா வாங்க" என்றாளாம்.

லூர்து சார் ஓய்வு பெறும்வரை அப்படித்தான் நடந்தது. ஏன் லேட் என்று கலா ஒரு நாளும் கேட்டதில்லை. என் ஹாரன் சத்தம் கேட்டதும் வாசலுக்கு வருவாள். குனிந்து வேனுக்குள் பார்ப்பாள். வாய்க்குள்ளேயே எண்ணுவாள். எண்ணி முடித்த பிறகுதான் வீட்டுக்குப் போகச் செருப்பை மாட்டுவாள்.